மடிக்கணினியின் கண்

மடிக்கணினியின் மூடியைத் திறந்து பாருங்கள். திரைக்கு மேலே, நடுவிடத்தில், மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அதுதான் அந்தக் கணினியின் கண். அப்படியொன்று இருப்பதைப் பல வீடுகளில் 2020ஆம் ஆண்டு வரை எவரும் பொருட்படுத்தியதில்லை. அந்த ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடம், அலுவலகக் கூட்டம், வேலைக்கான நேர்காணல், மணமக்களுக்கு வாழ்த்து, ஏன், இறந்தவருக்குக் கடைசி வணக்கங்கூட அந்தப் புள்ளியின் வழியாகவே நடக்கத் தொடங்கின. அப்போதுதான் "முகம் சரியாகத் தெரியவில்லையே" என்ற குறை வீட்டுக்கு வீடு எழுந்தது.

அந்தக் குறை எங்கிருந்து வருகிறது, அதை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது, அதில் 'டிரைவர்' என்று சொல்லப்படும் இயக்கியின் பங்கு எவ்வளவு என்பவற்றை இன்று காண்போம். நான் இதைக் கற்றுக்கொண்டது ஏட்டிலிருந்து அல்ல. சிலிம் ரிவரில் இருக்கும் என் அக்காள் வீட்டிலிருந்து. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிலிம் ரிவர், பேராக் மாநிலத்தின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. 1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் நடந்த போரினால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர். ஒரு ரயில் நிலையம், ஓர் அரசாங்க மருத்துவமனை, சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனைதான் நிற்கிறது. என் அக்காள் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் பால் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் லயத்தை விட்டு வெளியேறி, ஒரு மலிவுவிலை வீட்டுக்குக் குடிவந்தார். மகன், மருமகள், பேத்தி, எல்லாரும் ஒரே கூரையின் கீழ்.

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம். பேத்தி உயர்கல்விக்கு விண்ணப்பம் செய்திருந்தாள். நேர்காணலை இணையத்தின் வழியாக நடத்துவதாகக் கடிதம் வந்தது. இரண்டு நாளுக்கு முன்னதாக ஓர் ஒத்திகை அழைப்பு. அந்த ஒத்திகையில் மறுமுனையில் இருந்த அதிகாரி, "உன் முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. காமிராவைச் சரிசெய்துகொண்டு வா, இல்லையென்றால் நேர்காணலைத் தொடர முடியாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் குற்றமில்லை. திரையில் தெரிந்தது முகமன்று, கரிப்புகை படிந்த ஒரு நிழல். போதாததற்கு, குறுக்கே கோடுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

கணினி பழையது, யாரோ பயன்படுத்திக் கொடுத்தது. பழக்கமான ஒரு கடைக்காரருக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். அவர் பெயரும் ஊரும் இங்கு வேண்டாம். அவர் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் இது: "காமிராவின் டிரைவர் 2006ஆம் ஆண்டுடையது. பதினைந்து ஆண்டுப் பழசு. 150 ரிங்கிட் அனுப்புங்கள், எல்லா டிரைவரையும் புதுப்பிக்கும் ஒரு மென்பொருளை இங்கிருந்தே போட்டுவிடுகிறேன். அதற்கும் சரிவராவிட்டால் புதுக் கணினிதான் வாங்க வேண்டும்." தினக்கூலி நின்றுபோயிருந்த வீட்டில் 150 ரிங்கிட் என்பது சிறிய தொகையன்று. புதுக் கணினியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கல்வி அமைச்சு 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தச் சாதனமுமே இல்லை என்று தெரிய வந்ததை நேயர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அந்தப் பழைய கணினியாவது இருந்ததே என்று ஆறுதல் கொள்ள வேண்டிய காலம் அது.

நான் ஈப்போவில் இருந்தேன். மே 10ஆம் நாளிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லத் தடை இருந்ததால் நேரில் போக வழியில்லை. அக்காள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, புள்ள அழுதுகிட்டு உக்காந்திருக்கு. நீ ரேடியோப் பெட்டியெல்லாம் பாத்தவந்தானே, ஒரு வழி சொல்லு" என்றார்.

உண்மைதான். வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பாக இருந்தது. அந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. பெட்டி பேசவில்லை என்றதும் கையில் அகப்பட்ட உறுப்பை மாற்றக்கூடாது. ஒலிபெருக்கியில் தொடங்கி, ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கிச் சென்று, ஒலி எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காமிராவுக்கும் இந்த முறை பொருந்தும். வெளிச்சம் முகத்தில் பட்டு, கண்ணாடி வில்லையைக் கடந்து, உணரியில் விழுந்து, மின்குறியாக மாறி, இயக்கியின் கையில் சிக்கி, மென்பொருளுக்குள் புகுந்து, இணையக் கம்பியில் ஏறி, மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. இத்தனை கட்டங்களில் எந்தக் கட்டத்திலும் படம் கெடலாம். கடைக்காரர் நடுவில் உள்ள ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்.

இதை அக்காளுக்கு விளக்கியபோது அவர் என்னைவிட எளிதாகச் சொல்லிவிட்டார்: "பாலு கெட்டுப்போச்சுன்னா முதல்ல மங்கைக் கழுவிப் பாக்கணும். மரத்தையா வெட்டுவாங்க?" மங்கில் அழுக்கு இருந்தால் பால் முன்னதாகவே உறைந்துவிடும் என்பது பால் வெட்டிய எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

முதல் சோதனை இதுதான். இணையத் தொடர்பைத் துண்டித்துவிடச் சொன்னேன். விண்டோஸ் கணினியில் 'காமிரா' என்ற பெயரிலேயே ஒரு சிறு மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்தால் இணையத்தின் உதவியில்லாமல் காமிரா காண்பதை அப்படியே திரையில் பார்க்கலாம். அங்கே படம் தெளிவாக இருந்து, அழைப்பில் மட்டும் மங்கலாக இருந்தால், குறை கணினியிலன்று, இணையத் தொடர்பிலோ அழைப்பு மென்பொருளிலோ இருக்கிறது. அங்கேயே மங்கலாக இருந்தால் இணையத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடந்தான் ஆகும். இதைச் செய்யாமல் பணம் செலவழித்தவர்கள் ஏராளம்.

பேத்தி வீட்டில் அங்கேயும் படம் மங்கலாகவே இருந்தது. ஆக, தேட வேண்டியது வீட்டுக்குள்.

"காமிராவின் முன்பக்கத்தைத் தொட்டுப் பாரம்மா" என்றேன். "பிசுபிசுக்கிறது தாத்தா" என்றாள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் கட்டைவிரல் படுகிற இடம் அது. சமையற்கட்டு எண்ணெய்ப் புகை, சாம்பிராணி, கொசுவத்தி, எல்லாம் சேர்ந்து அந்த மிளகளவு கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். படலத்தின் மீது விளக்கொளி பட்டால் சிதறும். படம் முழுவதும் வெண்மூட்டமாகத் தெரியும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி இருந்தால் அது போதும். துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துண்டும் நல்லதுதான். லேசாக ஈரமாக்கிப் பிழிந்து துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தண்ணீரையோ மருந்தையோ நேராகத் தெளிக்கக்கூடாது; ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும். புதிய கணினி வைத்திருப்பவர்கள், தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய தாளை உரித்துவிட்டோமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உரிக்காமலே ஓராண்டு பயன்படுத்தியவரை எனக்குத் தெரியும்.

துடைத்ததும் வெண்மூட்டம் போயிற்று. முகம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. "எங்கே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டேன். சன்னலுக்கு முதுகு காட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி உட்கார்ந்திருக்கிறாள். அறைச்சுவர் அழுக்காக இருந்ததால், பின்னணி அழகாக இருக்கட்டும் என்று சன்னல் திரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பிள்ளையின் கூச்சம் எனக்குப் புரிந்தது. ஆனால் காமிராவுக்கு அது புரியாதே.

இங்கே சற்று நின்று விளக்க வேண்டும். நம் கண்ணைப் போல் காமிராவும் வெளிச்சத்தின் அளவுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஆனால் எது முகம், எது சன்னல் என்று பழைய காமிராக்கள் பிரித்தறிவதில்லை. படம் முழுவதிலும் உள்ள வெளிச்சத்தைச் சராசரியாகக் கணக்கிடுகின்றன. பின்னால் சன்னல் பளபளவென்று இருந்தால், "வெளிச்சம் மிகுதி" என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் குறைத்துவிடுகின்றன. முகம் கரியாகிறது. அதே பிள்ளை எழுந்து மேசையைத் திருப்பிப் போட்டுச் சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால், அதே வெளிச்சம் முகத்தில் விழும்.

வெளிச்சம் போதாத அறையில் வேறு விதமான கேடு நிகழ்கிறது. மடிக்கணினியின் மூடி மிக மெல்லியது, சில மில்லிமீட்டர்தான். அதற்குள் அடங்க வேண்டுமானால் வில்லையும் உணரியும் மிகச் சிறியனவாகவே இருக்க முடியும். உணரி என்பது வெளிச்சத்தை ஏந்தும் நுண்கிண்ணங்களின் வயல். நாம் வழக்கமாகக் காணும் காமிராவில் அகலத்தில் 1,280, உயரத்தில் 720, ஆக 9,21,600 கிண்ணங்கள். மங்குக்குப் பால் சொட்டுவது போல ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒளி சொட்ட வேண்டும். கிண்ணம் சிறியது, வெளிச்சமும் குறைவு என்றால் விழுகிற சொட்டு மிகக் குறைவு. அப்போது காமிரா இரண்டில் ஒன்றைச் செய்கிறது. ஒன்று, கிடைத்த சிறு குறியை மின்னியல் முறையில் பெருக்குகிறது. வானொலியில் தொலைதூர நிலையத்தைப் பிடிக்க ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுவதைப் போல, படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடிவிடும். அல்லது, ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 30 படம் எடுக்க வேண்டியது 15 ஆகக் குறைந்து, கையை அசைத்தால் வால்நட்சத்திரம் போல இழுபடுகிறது. இவ்விரண்டையும் இயக்கியின் குறை என்று எண்ணி ஏமாறுவோர் மிகப் பலர். ஒரு மேசைவிளக்கை முகத்துக்கு எதிரே, கண் கூசாமல் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். உலகில் இணையத்தில் ஏறிய முதல் காமிரா, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் ஒரு காப்பிச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த காமிரா. மாடியேறிப் போனால் சட்டி காலியாக இருக்கிறதே என்ற எரிச்சலில் 1991இல் அதைப் பொருத்தினார்கள். 1993இல் இணையத்தில் ஏற்றினார்கள். 2001 ஆகஸ்டில் நிறுத்தினார்கள். அதன் படம் 128க்கு 128 புள்ளி, அதுவும் சாம்பல் நிறம். எண்ணிப் பார்த்தால் பதினாறாயிரத்துச் சொச்சம் புள்ளிகள்தான். காப்பி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது. நம் பேத்தியின் முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட அது போதாது. ஆனால் அவள் கணினியில் இருந்த ஒன்பது லட்சம் புள்ளி தாராளமாகப் போதும். புதுக் கணினி தேவையில்லை என்று நான் துணிந்து சொன்னதற்கு அதுவே காரணம்.

மேசையைத் திருப்பிப் போட்டாள். முகம் தெரிந்தது. அக்காள் பின்னாலிருந்து "ஆமா, இப்ப நம்ம புள்ளதான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஆயினும் குறுக்கே ஊரும் கோடுகள் போகவில்லை. கடைக்காரர் "டிரைவர்" என்று சொன்னதற்கு அந்தக் கோடுகளே காரணமாக இருந்திருக்கலாம்.

கோடுகளின் கதை சுவையானது. மலேசியாவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை திசை மாறி மாறி ஓடுகிறது. மலாயில் 'லம்பு கலிமந்தாங்' என்று சொல்கிற குழல்விளக்கு அதனால் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. காமிராவுக்குத் தெரியும். அமெரிக்காவில் மின்சாரம் 60 தடவை மாறுகிறது. காமிரா அமெரிக்கக் கணக்கில், நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால், ஒவ்வொரு முறையும் விளக்கின் வேறுவேறு நிலையைப் பிடிக்கிறது. சில வரிகளில் வெளிச்சம் கூடுதல், சில வரிகளில் குறைவு. அதுவே ஊரும் கோடு. ஐம்பதில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்று நம் மின்சாரத்துக்கு ஒத்த நேரத்தில் திறந்து மூடினால் கோடு நின்றுவிடும். விண்டோஸ் 'காமிரா' மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் 'ஃபிளிக்கர்' குறைப்பு என்ற ஒரு தேர்வு இருக்கிறது. அதில் 50 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழைப்பு மென்பொருள்கள் சிலவற்றிலும் இதே தேர்வு உண்டு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் நேயர்களுக்கும் 50தான் பொருந்தும். விலை மலிவான எல்இடி விளக்குகளிலும் இந்தத் தொல்லை உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பேத்தி 60 என்று இருந்ததை 50 ஆக்கினாள். கோடுகள் மறைந்தன. காசு செலவில்லை. அதுவரை தொலைபேசியில் நாங்கள் பேசியது அரைமணி நேரம் இருக்கும்.

இனி இயக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிரைவர் என்றதும் நமக்கு லாரி ஓட்டுபவர்தான் நினைவுக்கு வருவார். கணினியில் அவர் வேறு ஆள். தோட்டத்தில் துரைக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் கிராணி நின்று இரு பக்கமும் சொன்னதை மாற்றிச் சொல்வார். இயக்கி என்பது அந்தக் கிராணி. விண்டோஸ் சொல்வதைக் காமிராவுக்கும், காமிரா தருவதை விண்டோசுக்கும் புரியும்படி மாற்றித் தருகிற ஒரு சிறு மென்பொருள். கிராணி தவறாகச் சொன்னால் வேலை கெடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிராணி வயதானவர் என்பதாலேயே தவறாகச் சொல்கிறார் என்று முடிவுகட்டலாமா?

முற்காலத்தில் ஒவ்வொரு காமிராவுக்கும் தனித்தனி இயக்கி வேண்டியிருந்தது. குறுந்தட்டு தொலைந்தால் காமிராவும் தொலைந்த மாதிரிதான். 2003ஆம் ஆண்டில் யு.எஸ்.பி. வழிப் படக்கருவிகளுக்கென யு.வி.சி. என்ற பொதுவிதி வகுக்கப்பட்டது. எல்லாக் காமிராக்களும் ஒரே மொழி பேசட்டும் என்பதே அதன் நோக்கம். அதன்பின் விண்டோசுடனேயே வரும் பொது இயக்கி ஒன்றே பெரும்பாலான காமிராக்களுக்குப் போதுமானதாயிற்று. மடிக்கணினிக்குள் இருக்கும் காமிராவும் உள்ளே யு.எஸ்.பி. வழியாகவே பெரும்பாலும் இணைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் 2006 என்று காட்டியதே, அது என்ன? இதுதான் இந்தப் பேச்சில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விண்டோசுடன் வரும் மைக்ரோசாப்டின் சொந்த இயக்கிகள் பலவற்றைத் திறந்து தேதியைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் என்றே இருக்கும். சென்ற ஆண்டு வாங்கிய கணினியிலும் அப்படித்தான் இருக்கும். அது எழுதப்பட்ட நாள் அன்று. வேண்டுமென்றே போடப்பட்ட தேதி. ஒரே கருவிக்கு இரண்டு இயக்கிகள் ஒரே அளவில் பொருந்தினால், விண்டோஸ் தேதி பார்த்துப் பிந்தியதைத் தேர்ந்தெடுக்கும். மைக்ரோசாப்ட் தன் பொது இயக்கிக்குப் புதுத் தேதி போட்டால், கணினியைச் செய்தவர் அதற்கென்றே எழுதிய சிறப்பு இயக்கியை ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அது ஓரங்கட்டிவிடும். அப்படி நேராமல் இருக்க, விண்டோஸ் விஸ்டா காலத்துத் தேதியை எல்லாவற்றுக்கும் நிலையாகப் போட்டுவிட்டார்கள். உண்மையான வயதை அறிய வேண்டுமானால் தேதிக்குக் கீழே உள்ள பதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் இதை அறியாமல் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. அந்த ஒரு தேதியைக் காட்டி எத்தனை வீடுகளில் பணம் வாங்கியிருப்பார்கள் என்று எண்ணும்போது மட்டும் மனம் வலிக்கிறது.

இயக்கியே குறையாக இருக்கும் இடங்களும் உண்டு. அவற்றுக்கு அடையாளங்கள் இருக்கின்றன. 'டிவைஸ் மேனேஜர்' என்ற பட்டியலைத் திறந்தால் காமிராவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும் தெரியலாம். காமிராவின் பெயரே பட்டியலில் இல்லாமல் போகலாம். படம் தலைகீழாகத் தெரியலாம். சில கணினிகளில் காமிராவைத் தலைகீழாகப் பொருத்தி, தயாரிப்பாளரின் இயக்கியைக் கொண்டு திருப்பிக் காட்டுகிறார்கள். அங்கே பொது இயக்கி வந்தால் ஆள் தலைகீழாக நிற்பார். நேற்று வரை நன்றாக இருந்து, விண்டோஸ் புதுப்பித்த மறுநாள் கெட்டுப்போனாலும் இயக்கியைச் சந்தேகிக்கலாம்.

அந்தக் கடைசி வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்தது. விண்டோஸ் 10க்கு ஒரு பெரிய புதுப்பிப்பு வந்தது. அடுத்த சில நாட்களில் உலகெங்கும் ஏராளமான காமிராக்கள் அழைப்பின் நடுவே உறைந்து நின்றன. காரணம் இதுதான். தெளிவான படத்தைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு 44 கோடி பிட்டுக்கு மேல் ஆகும். யு.எஸ்.பி. இரண்டாம் பதிப்பின் வழித்தடம் பெயரளவில் 48 கோடி. நடைமுறையில் அதைவிடக் குறைவு. ஆகவே காமிராக்கள் படத்தைச் சுருக்கியே அனுப்புவது வழக்கம். ஒரே காமிராவைப் பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த மாற்றத்தில், சுருக்கிய படம் மென்பொருளுக்குப் போய்ச் சேரும் வழி அடைபட்டுவிட்டது. மைக்ரோசாப்ட் தவற்றை ஒப்புக்கொண்டு பின்னர் திருத்தம் வெளியிட்டது. அன்று பழைய பதிப்பில் இருந்தவர்கள் நலமாக இருந்தார்கள், புதுப்பித்தவர்கள் தவித்தார்கள்.

இயக்கியை மாற்றத்தான் வேண்டும் என்றால் எப்படிச் செய்வது? கணினியின் அடிப்பக்கத்தில் அதன் மாதிரி எண் ஒட்டப்பட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணினியைச் செய்த நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்கே நேராகப் போய், அந்த எண்ணுக்குரிய காமிரா இயக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும். அல்லது விண்டோஸ் புதுப்பிப்பில் 'விருப்பப் புதுப்பிப்புகள்' என்ற பகுதியில் பார்க்கலாம். இரண்டுமே இலவசம். புதிய இயக்கி மோசமாக இருந்தால், டிவைஸ் மேனேஜரில் காமிராவின் பண்புகளைத் திறந்து, 'ரோல் பேக்' என்பதை அழுத்தினால் பழையது திரும்பி வரும். முன்பு வேறு இயக்கி இருந்திருந்தால்தான் அந்தப் பொத்தான் வேலை செய்யும். அதுவும் முடியாவிட்டால், பட்டியலிலிருந்து காமிராவை நீக்கிவிட்டுக் கணினியை அணைத்துத் திறந்தால், விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டு பொது இயக்கியைத் தானே பொருத்திக்கொள்ளும். "உங்கள் கணினியில் 27 இயக்கிகள் பழசாகிவிட்டன" என்று சிவப்பெழுத்தில் பயமுறுத்தும் மென்பொருள்களை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அவற்றில் பல பொருந்தாத இயக்கியைப் போட்டுவிடும். சில விளம்பரத்தையும் வேவுபார்க்கும் நிரல்களையும் கூடவே இறக்கிவிடும்.

படமே வராமல் வெறும் கறுப்பாக இருந்தால், இயக்கியைத் தேடுமுன் காமிராவின் மேல் நகரும் மூடி இருக்கிறதா, விசைப்பலகையில் காமிராவை அணைக்கும் விசை அழுந்தியிருக்கிறதா, விண்டோசின் அந்தரங்க அமைப்புகளில் காமிராவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இணையத்தைப் பற்றியும் ஒரு சொல். முதல் சோதனையில் படம் தெளிவாக இருந்து அழைப்பில் மட்டும் கெட்டால், நாம் இறக்கும் வேகத்தைவிட ஏற்றும் வேகத்தையே பார்க்க வேண்டும். நம் முகம் போவது அந்த வழியாகத்தான். நல்ல படத்துக்கு நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். அது கிடைக்காதபோது மென்பொருள் தானாகவே படத்தைச் சிறிதாக்கிவிடும். காமிரா என்ன செய்தாலும் பயனில்லை. அக்காள் வீட்டில் நேர்காணல் நேரத்தில் மற்றக் கைத்தொலைபேசிகளை எல்லாம் இணையத்திலிருந்து விலக்கி வைக்கச் சொன்னேன். அக்காள் தம் நாடகத்தைத் தியாகம் செய்தார்.

இத்தனையும் செய்து பலனில்லை என்றால், கையில் இருக்கும் தொலைபேசியை நாடுங்கள். அதிலுள்ள காமிரா மடிக்கணினியின் காமிராவைவிடப் பெரும்பாலும் நல்லது. ஏனென்றால் தொலைபேசியின் உடல் கணினியின் மூடியைவிடத் தடிமன், நல்ல உணரிக்கும் வில்லைக்கும் இடம் உண்டு. நேர்காணல் நடத்துவோர் ஒப்புக்கொண்டால், நாலு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் தொலைபேசியைச் சாய்த்து வைத்து நேராக அதிலேயே பேசிவிடலாம். நாங்களும் அப்படி ஒன்றைத் துணைக்குத் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் காலை நேர்காணல் நடந்தது. அடையாள அட்டையைக் காமிராவுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார்களாம், பார்த்தார்களாம், "தெளிவாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார்களாம். அதன்பின் நடந்தது அவளுடைய திறமை.

அந்தக் கணினி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் என்று அறிவித்தார்கள். இது உண்மையாகவே கவனிக்க வேண்டிய பழமை. வங்கிக் கணக்கு போன்ற காரியங்களுக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அக்காள் அதில் கோலாலம்பூரில் இருக்கும் பேத்தியோடு பேசுகிறார். மேசை சன்னலைப் பார்த்தபடியே கிடக்கிறது. காமிராவின் இயக்கியைத் திறந்து பார்த்தால் அதில் இன்றும் 2006 ஜூன் 21 என்றே போட்டிருக்கிறது.